டேப் பேக்கப்போட எக்ஸ்பைரி தேதி யாரு கையில இருக்கு

ஆர்மேன்ல, அதாவது ஆரக்கிள் டேட்டாபேஸோட பேக்கப் கருவியில, லிஸ்ட் பேக்கப் போட்டுப் பார்த்தா டேப்ல இருக்க வேண்டிய அந்த பேக்கப் பீஸ் (பேக்கப் ஃபைல்) அவைலபிள்னு தான் இருந்துச்சு, ஹேண்டில் பேரும் சரியா இருந்துச்சு, அதை நம்பி கேட்டவங்ககிட்ட நாளைக்குக் காலையில தந்துடறேன்னு சொல்லிட்டேன். கேட்டது ஒரே ஒரு டேபிள். 41 நாளைக்கு முன்னாடி அது எப்படி இருந்துச்சோ அப்படியே வேணும். நடுவுல யாரோ ஓட்டின ஒரு அப்டேட் ஸ்கிரிப்ட்ல எந்த வரிகளை மாத்தணும்னு சொல்ற வேர் (WHERE) கண்டிஷன் தப்பிப் போயி பழைய தொகையெல்லாம் மாறிப் போயிருக்கு, கணக்கு டீம் மாசக் கடைசியில ஒத்துப் பார்க்கும்போது தான் கண்ணுல பட்டிருக்கு. ஆரக்கிள் டேட்டாபேஸ், ரெக்கவரி விண்டோ, அதாவது எத்தனை நாள் பின்னாடி வரைக்கும் திரும்பிப் போக முடியணும்ங்கிறது, 60 நாள்னு கான்ஃபிகர் பண்ணி வெச்சிருக்கோம், 41ங்கிறது 60க்குள்ள தானேன்னு தைரியமா வேற ஒரு சர்வர்ல ரீஸ்டோரை ஓட்டி விட்டேன்.

பத்து நிமிஷம் கூட ஆகல, ஓஆர்ஏ 19507, அதுக்குக் கீழயே ஓஆர்ஏ 27029. டேப்ல இருந்து அந்த ஃபைலை எடுக்க முடியலன்னு அர்த்தம். முதல்ல டிரைவ் கோளாறுன்னு தான் நினைச்சேன், வேற டிரைவ்ல ஓட்டினேன், அதே எரர். அப்புறம் டேட்டா சென்டருக்கு எறங்கிப் போயி டேப் லைப்ரரி (டேப்பை எல்லாம் அடுக்கி வெச்சு ரோபோ கையால எடுக்கிற பெட்டி) முன்னாடி நின்னு அந்த கார்ட்ரிட்ஜைத் தேடினேன். பார்கோடு கடைசியில எல்6னு இருக்குற எல்டிஓ 6 டேப், எல்டிஓங்கிற டேப் வகையில ஆறாவது தலைமுறை. ரோபோ கை அதை ஸ்லாட்ல இருந்து உருவி டிரைவ்ல சொருகுச்சு, லேபிளைப் படிக்கச் சொன்னேன். டேப் பேரு அதே தான், ஆனா முதல் பேக்கப் எழுதின தேதின்னு வந்தது 9 நாளைக்கு முந்தின தேதி. எனக்கு வேண்டிய ஃபுல் பேக்கப் எடுத்து 44 நாள் ஆச்சு. அப்போ அந்த டேப் நடுவுல ஸ்க்ராட்ச் பூலுக்கு, அதாவது மறுபடி எழுதலாம்னு விட்ட காலி டேப் கூட்டத்துக்கு, போயி திரும்பி வந்திருக்கு, அது மேலேயே வேற எதையோ எழுதியாச்சு. வயித்துல புளியைக் கரைச்ச மாதிரி இருந்துச்சு.

என்ன நடந்துச்சுன்னா, ஆர்மேன்ல நாங்க போட்டது 60 நாள். டேப்பைப் பார்த்துக்கிற மீடியா மேனேஜர் சாஃப்ட்வேர்ல அந்த பாலிசிக்கு யாரோ எப்பவோ போட்டது 30 நாள். ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்காது. 30 நாள் முடிஞ்ச அன்னைக்கு மீடியா மேனேஜர் தன்னோட கேட்டலாக்ல இருந்து அந்த பேக்கப்பைத் தூக்கிட்டு டேப் காலின்னு முடிவு பண்ணிடுச்சு, ஆர்மேனுக்கு யாரும் சொல்லல, அது பாட்டுக்கு அவைலபிள்னே எழுதி வெச்சிருக்கு. ஆர்மேன் எழுதி வெச்சிருக்கிற பேக்கப் நெஜமா அங்க இருக்கான்னு தேடிப் பார்க்கிற க்ராஸ்செக் கமாண்டை ஓட்டி இருந்தா தெரிஞ்சிருக்கும், நாங்க டேப்புக்கு க்ராஸ்செக் ஓட்டுறதே இல்ல, டிஸ்க்குக்கு மட்டும் தான் ஓட்டிட்டு இருந்தோம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னு சொல்லுவாங்களே, கேட்டலாக்ல இருக்குற பேக்கப்பும் அப்படித்தான்.

இதுல என்னை ரொம்ப உறுத்தினது வேற ஒரு விஷயம். அந்த டேப் மேல புதுசா எழுதி இருந்தது வெறும் 40 ஜிபி ஆர்கைவ் லாக், அதாவது டேட்டாபேஸ்ல நடந்த மாற்றங்களோட பதிவு. எல்டிஓ 6 டேப்போட கொள்ளளவு 2.5 டிபி, என்னோட ஃபுல் பேக்கப் அதுல 1.1 டிபி வரைக்கும் இருந்துச்சு, அப்போ முதல் 40 ஜிபி தானே போயிருக்கு, மிச்சம் அப்படியே தானே இருக்கும்னு எனக்கும் தோணுச்சு. காந்த நாடால அது இருக்கத்தான் செய்யும். ஆனா டேப்ல எழுதி முடிச்ச எடத்துல டிரைவ் ஒரு எண்ட் ஆஃப் டேட்டா குறியைப் போடும், அதைத் தாண்டி சாதாரண டிரைவ் படிக்கவே படிக்காது, அதுக்கு மேல ஒண்ணுமே இல்லன்னு தான் நினைச்சுக்கும். டிஸ்க்ல தப்பா அழிச்ச ஃபைலை மீட்டெடுக்கிற மாதிரி இங்க கிடையாது. டேப்ல தலையில கொஞ்சம் எழுதினாலும் உடம்பு முழுக்கப் போன மாதிரி தான். டேட்டா ரெக்கவரி பண்றவங்ககிட்ட கொடுத்தாலும் தலைப்பகுதி போன ஒரு ஆர்மேன் பீஸை வெச்சுக்கிட்டு ரீஸ்டோர் ஓட்ட முடியாது, அதனால விட்டுட்டோம். கணக்கு டீம்ல மூணு பேரு உக்காந்து பழைய ரிப்போர்ட் ஃபைல்ல இருந்து ஒவ்வொரு தொகையா எடுத்து அந்த டேபிளைத் திரும்பக் கட்டினாங்க, மூணு வாரம் ஆச்சு. நான் அவங்க முகத்தைப் பார்க்கவே கஷ்டப்பட்டேன்.

அதுக்கப்புறம் தான் இந்த எக்ஸ்பைரி விஷயத்தை ஒழுங்கா உக்காந்து படிச்சேன். டேப் வெச்சு வேலை பார்க்குற நெறைய பேருக்கு இதுல குழப்பம் இருக்குன்னு தெரியும், அதனால எழுதறேன்.

முதல்ல வார்த்தைக் குழப்பம். ஆர்மேன்ல எக்ஸ்பயர்டுன்னா காலாவதி ஆனதுன்னு அர்த்தம் கிடையாது! க்ராஸ்செக் பண்ணும்போது தேடினேன், அங்க இல்லன்னு அர்த்தம். ரிடென்ஷன் பாலிசிப்படி, அதாவது எவ்வளவு நாள் வெச்சிருக்கணும்ங்கிற விதிப்படி, இனிமே தேவையில்லங்கிறதுக்கு அவங்க வெச்ச பேரு அப்சலீட். மீடியா மேனேஜர் ஆளுங்க எக்ஸ்பைர் ஆச்சுன்னு சொல்லும்போது அவங்க நினைக்கிறது தேதி முடிஞ்சு போச்சுன்னு. ஒரே மீட்டிங்ல டிபிஏ (டேட்டாபேஸைப் பார்த்துக்கிறவர்) ஒரு அர்த்தத்துலயும் பேக்கப் டீம் இன்னொரு அர்த்தத்துலயும் இந்த வார்த்தையைச் சொல்லிக்கிட்டு ரெண்டு பேரும் தலையாட்டிட்டு எழுந்து போறதை நான் நேர்ல பார்த்திருக்கேன், எங்க மீட்டிங்ல தான்.

மைக்ரோசாஃப்ட்டோட எஸ்க்யூஎல் சர்வர் டேட்டாபேஸ்ல இன்னொரு மாதிரி. பேக்கப் கமாண்ட்ல ரிட்டெய்ன்டேஸ், எக்ஸ்பையர்டேட்னு ரெண்டு ஆப்ஷன் இருக்கு. ரிட்டெய்ன்டேஸ் 30னு போட்டா 30 நாள் கழிச்சு பேக்கப் தானா அழிஞ்சிடும்னு நெறைய பேரு நம்பிட்டு இருக்காங்க, அது அழிக்காது, அந்த தேதிக்கு முன்னாடி இது மேல எழுதாதேன்னு ஒரு தடை மட்டும் தான். பழசு மேலேயே எழுதச் சொல்ற இனிட் போட்டு அதே டேப்ல எழுதப் போனா தேதியைப் பார்த்துட்டு இன்னும் முடியலன்னா பேக்கப்பை ஃபெயில் பண்ணிடும். ஆனா அதே கமாண்ட்ல ஸ்கிப்னு ஒரு வார்த்தை சேர்த்துட்டா தேதியையே பார்க்காது. ஃபார்மேட்னு போட்டா ஸ்கிப்பும் இனிட்டும் அதுக்குள்ளேயே அடக்கம். எங்கேயோ கிடைச்ச ஸ்கிரிப்டை எடுத்து ஓட்டுறவங்க இந்த ஒரு வார்த்தையைக் கவனிக்கணும், எரர் வருதேன்னு யாரோ எப்பவோ ஃபார்மேட் சேர்த்து வெச்சிருப்பாங்க, அதுக்கப்புறம் ரிட்டெய்ன்டேஸ் எவ்வளவு போட்டாலும் பிரயோஜனம் இல்ல. கமாண்ட்ல எதுவும் போடலன்னா சர்வர் செட்டிங்ல இருக்குற மீடியா ரிடென்ஷன் மதிப்பை எடுத்துக்கும், அதோட டிஃபால்ட் 0, அதாவது பாதுகாப்பே கிடையாது. டேப்ல உண்மையிலேயே என்ன தேதி இருக்குன்னு தெரியணும்னா ரீஸ்டோர் ஹெடர்ஒன்லி ஓட்டிப் பாருங்க, எக்ஸ்பிரேஷன் தேதி ஒரு காலமா வரும்.

சரி, 60 நாள் விண்டோன்னா டேப்பை 60 நாள் வெச்சா போதுமா? போதாது. இதைத்தான் எங்க பேக்கப் டீமுக்குப் புரிய வைக்க எனக்கு ரொம்ப நாள் ஆச்சு. 60 நாளைக்கு முந்தின ஒரு நேரத்துக்குத் திரும்பிப் போகணும்னா அந்த நேரத்துக்கு முன்னாடி எடுத்த லெவல் ஜீரோ, அதாவது ஃபுல் பேக்கப் கையில இருக்கணும், அதுக்கப்புறம் வந்த இன்க்ரிமென்ட்டல் (மாறினதை மட்டும் எடுத்த பேக்கப்), ஆர்கைவ் லாக் எல்லாம் இருக்கணும். வாரத்துக்கு ஒரு லெவல் ஜீரோ எடுத்தா அந்த ஃபுல் பேக்கப்போட வயசு 67 நாள் வரைக்கும் போகும். அந்த வாரம் பேக்கப் ஃபெயில் ஆகியிருந்தா அதுக்கு முந்தின வாரத்தோடது தான் கதி, அப்போ 74. ஆர்மேனுக்கு இந்தக் கணக்கு தெரியும், விண்டோவுக்கு வெளியில இருந்தாலும் தேவைப்படுற ஃபுல் பேக்கப்பை அப்சலீட்னு சொல்லாது. மீடியா மேனேஜருக்கு இது சுத்தமாத் தெரியாது, அதுக்கு ஒவ்வொரு பேக்கப்பும் தனித்தனி ஃபைல், எது எதை நம்பி நிக்குதுன்னு அதுக்கு என்ன கவலை. ஃபுல்லைத் தூக்கிட்டு அதை நம்பி இருக்குற ஆறு இன்க்ரிமென்ட்டலைப் பத்திரமா வெச்சிருக்கும். அடியில இருக்குற படியை உருவிட்டு மேல இருக்குற படியை மட்டும் காவல் காத்து என்ன பண்றது?

அதனால தேதியை ஒரே ஒரு எடத்துல வெச்சுக்கணும்ங்கிறது தான் என்னோட தீர்மானமான கருத்து. ஆரக்கிளா இருந்தா ஆர்மேன் தான் முடிவு பண்ணணும், மீடியா மேனேஜர்ல எக்ஸ்பைரியை ஒண்ணு நிறுத்தி வைக்கணும், இல்லன்னா ஆர்மேன் கணக்கை விட தாராளமா நீட்டி ஒரு கடைசி வேலியா மட்டும் வைக்கணும். நாங்க இப்ப 60 நாள் விண்டோவுக்கு மீடியா மேனேஜர்ல 100 நாள் வெச்சிருக்கோம்.

இதுக்கும் ஒரு விலை இருக்கு, அதையும் சொல்லணும். ஆர்மேன் கையில கொடுத்துட்டா டெலீட் அப்சலீட்டை நீங்க ஓட்டினா தான் டேப் காலியாகும், ஆரக்கிள் பேக்கப்புக்குன்னு டிஸ்க்ல ஒதுக்குற ஃபாஸ்ட் ரெக்கவரி ஏரியாவுல நடக்குற மாதிரி தானா நடக்காது. ஓட்டினாலும் அந்த டெலீட் மீடியா மேனேஜர் வரைக்கும் போயி சேரணும். ஐபிஎம்மோட மீடியா மேனேஜரான டிஎஸ்எம்ல வேலை பார்த்தவங்களுக்குத் தெரியும், அந்த நோடுக்கு (பேக்கப் அனுப்புற கிளையண்டுக்கு) பேக்டெலீட் யெஸ்னு அனுமதி கொடுக்கலன்னா ஆர்மேன் சொன்னாலும் சர்வர் பக்கத்துல பொருள் அப்படியே கிடக்கும், டேப் நெறைஞ்சுக்கிட்டே போகும். இதை விட மோசமானது மூடிப் போன டேட்டாபேஸ். அப்ளிகேஷனை நிறுத்திட்டாங்க, சர்வரை அணைச்சுட்டாங்க, ஸ்டோரேஜைத் திரும்ப எடுத்துக்கிட்டாங்க, டேப்ல இருக்குறதுக்கு டெலீட் அப்சலீட் ஓட்ட ஆளே இல்ல, அந்த பேக்கப் அனாதையா வருஷக்கணக்குல கிடக்கும். எங்க லைப்ரரில அப்படி 11 டேப் கண்டுபிடிச்சோம். இப்போ ஒரு டேட்டாபேஸை மூடுற வேலையில கடைசி படியா அதோட டேப் பேக்கப் எந்த தேதி வரைக்கும் வேணும்னு எழுதி வாங்கி மீடியா மேனேஜர்ல அந்த தேதியைக் கையால போட்டுடறோம், அதுக்கு அப்புறம் ஆர்மேன் தேவையில்ல.

க்ராஸ்செக் பத்தி ஒரு எச்சரிக்கை. க்ராஸ்செக் ஓட்டிட்டு உடனே டெலீட் எக்ஸ்பயர்டு ஓட்டுற ஸ்கிரிப்ட் எல்லா எடத்துலயும் சுத்திட்டு இருக்கு, தயவுசெஞ்சு டேப்புக்கு அதைப் பண்ணாதீங்க. ஆர்மேன் மீடியா மேனேஜரோட பேசுற சேனலோட பாராமீட்டர்ல கிளையண்ட் பேரு ஒரு எழுத்து மாறி இருந்தாலும் மீடியா மேனேஜர் எனக்குத் தெரியாதுன்னு பதில் சொல்லும், ஆர்மேன் அத்தனை பேக்கப்பையும் எக்ஸ்பயர்டுன்னு குறிச்சுக்கும், அடுத்த வரியில இருக்குற டெலீட் எக்ஸ்பயர்டு அத்தனை ரெக்கார்டையும் தூக்கிடும். டேப்ல பேக்கப் இருக்கும், ஆர்மேனுக்கு அது இருக்குன்னே தெரியாது. ஹேண்டில் பேரு பேக்கப் லாக்ல இருந்தா ஒண்ணொண்ணா திரும்ப கேட்டலாக் பண்ணிக்கலாம், அந்த நேரத்துல அதுக்கு யாருக்கு நிதானம் இருக்கும் சொல்லுங்க. க்ராஸ்செக்கைத் தனியா ஓட்டி, எக்ஸ்பயர்டு எத்தனைன்னு ஒரு மனுஷன் கண்ணால பார்த்துட்டு அப்புறம் தான் அடுத்த வேலை.

ரெக்கவரி கேட்டலாக் (பேக்கப் விவரங்களைத் தனியா வெச்சிருக்கிற டேட்டாபேஸ்) இல்லாம டேட்டாபேஸோட சொந்த கண்ட்ரோல் ஃபைலை மட்டும் நம்பி ஓட்டுறவங்க கண்ட்ரோல் ஃபைல் ரெக்கார்ட் கீப் டைமைப் பாருங்க, டிஃபால்ட் 7 நாள் தான். விண்டோ 60னு வெச்சுட்டு இதை 7ல விட்டா எடம் பத்தாத நேரத்துல பழைய பேக்கப் ரெக்கார்டு மேலேயே புதுசு எழுதிக்கும். விண்டோவை விட அதிகமா வைக்கணும். எங்ககிட்ட இப்ப கேட்டலாக் இருக்கு, இருந்தாலும் அதை 90ல வெச்சிருக்கேன்.

அடுத்தது டேப்போட சுபாவம். டேப்ல நடுவுல இருக்குற ஒண்ணை மட்டும் அழிச்சு அந்த எடத்துல வேற எழுத முடியாது, கடைசியில சேர்க்கலாம், இல்ல மொதல்ல இருந்து எழுதலாம், அவ்வளவு தான். அதனால ஒரு டேப்ல 200 பேக்கப் இருந்து அதுல 199 காலாவதி ஆனாலும் மிச்சம் ஒண்ணு ஏழு வருஷம் வேணும்னா டேப் முழுக்க ஏழு வருஷம் மாட்டிக்கிட்டு நிக்கும். நெட்பேக்கப்ங்கிற இன்னொரு மீடியா மேனேஜர்ல டிஃபால்ட்டா ஒரே டேப்ல வேற வேற ரிடென்ஷன் கலக்க விடாம இருக்குறதுக்குக் காரணம் இதுதான், டேப் பத்தலன்னு அந்த செட்டிங்கை யாராவது மாத்தி விட்டா அன்னைக்கு டேப் மிச்சம் ஆகும், ஒரு வருஷத்துல ஸ்க்ராட்ச் பூல் வறண்டு போகும். டிஎஸ்எம் வேற வழியில போகும், டேப்ல செத்த எடம் ஒரு அளவைத் தாண்டினா உயிரோட இருக்குறதை மட்டும் வேற டேப்புக்கு நகர்த்திட்டு பழசை விடுவிக்கும், ரிக்ளமேஷன்னு பேரு. அது ஓட ரெண்டு டிரைவ் வேணும், ராத்திரி பேக்கப் நேரத்துல அது டிரைவைப் புடிச்சுக்கிட்டா பேக்கப் வரிசையில நிக்கும். எப்படி இருந்தாலும் தினசரி, மாசம், வருஷம்னு பூலைத் தனித்தனியா பிரிச்சு வெச்சுடுங்க, வேற எந்த சாமர்த்தியமும் தேவைப்படாது.

வருஷக் கடைசி பேக்கப்புக்கு ஆர்மேன்ல கீப் அன்டில் டைம் போட்டு எடுக்கிறது நல்லது, ரிடென்ஷன் பாலிசி அதைத் தொடாது, அதைத் திரும்ப எழுப்பத் தேவையான ஆர்கைவ் லாக், கண்ட்ரோல் ஃபைல் எல்லாம் கூடவே வந்துடும். கீப் ஃபாரெவர்னு ஒண்ணு இருக்கு, அதுக்கு ரெக்கவரி கேட்டலாக் கட்டாயம். ஆனா எப்பவும் வெச்சிருங்கன்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்கிறதே இல்ல. எத்தனை வருஷம்னு ஒரு எண்ணைச் சொல்லுங்க, எந்த விதிப்படின்னு சொல்லுங்க, மெயில்ல அனுப்புங்கன்னு கேப்பேன். ஏன்னா வெச்சிருக்கிறதும் பொறுப்பு தான். ஒருத்தரோட தனிப்பட்ட தகவலை அழிச்சுட்டோம்னு எழுதிக் கொடுத்துட்டு டேப்ல 15 வருஷம் வெச்சிருந்தா அது பொய் தானே. 2018 மே 25ல இருந்து ஐரோப்பாவுல தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் அமலுக்கு வந்த அப்புறம் இந்தக் கேள்வியை எங்க ஆடிட்ல வருஷா வருஷம் கேக்கறாங்க, கேக்கணும். டேப்ல ஒரு ஆளோட ரெக்கார்டை மட்டும் அழிக்க முடியாது, அதனால டேப்போட ஆயுசைக் குறைவா, தெளிவா வெச்சிருக்கிறது தான் நேர்மையான பதில்.

நீண்ட நாள் வைக்கிறதுல இன்னொரு எக்ஸ்பைரி ஒளிஞ்சிருக்கு, அதை எந்த சாஃப்ட்வேரும் காட்டாது. எல்டிஓ 7 வரைக்கும் ரெண்டு தலைமுறை முந்தின டேப்பைப் படிக்கும், 2017ல வந்த எல்டிஓ 8 ஒரு தலைமுறை தான் பின்னாடி போகும். 2014ல எல்டிஓ 6ல எழுதின டேப்பை எல்டிஓ 8 டிரைவ்ல சொருகினா படிக்காது. டேப் 30 வருஷம் நிக்கும்னு அட்டையில போட்டிருப்பாங்க, டிரைவ் நிக்கணுமே? லைப்ரரி மாத்தும்போது ஒண்ணு பழைய டிரைவ் ஒண்ணை ஓடுற நெலமையில வெச்சிருக்கணும், இல்ல மாத்துறதுக்கு முன்னாடியே நீண்ட கால டேப்பை எல்லாம் புதுசுக்கு நகல் எடுத்துடணும். என்க்ரிப்ஷன் கீயும் அதே மாதிரி தான், எல்டிஓ 4ல இருந்து டிரைவே என்க்ரிப்ட் பண்ணும், கீ மேனேஜர்ல அந்த கீயை அஞ்சு வருஷத்துல அழிச்சுட்டா ஏழு வருஷ டேப் வெறும் பிளாஸ்டிக் பெட்டி. அப்புறம் அந்தப் பழைய டேட்டாபேஸ் வெர்ஷனோட இன்ஸ்டலேஷன் ஃபைல், அதையும் கூடவே வெச்சிருங்க.

இவ்வளவு தொல்லைன்னா டேப் எதுக்குன்னு கேக்கறவங்களுக்கு, 2011 பிப்ரவரில ஜிமெயில்ல ஒரு அப்டேட்ல இருந்த பிழையால 0.02 சதவீதம் பேரோட மெயில் காணாமப் போச்சு, ஆன்லைன் நகல்கள்லயும் போச்சு, கடைசியில கூகுள் அதைத் திரும்பக் கொண்டு வந்தது டேப்ல இருந்து. லைப்ரரிக்கு வெளியில கழட்டி வெச்ச டேப்பை எந்த ஸ்கிரிப்டும் எட்டித் தொட முடியாது, அதுக்காகத் தான் இத்தனை பாடு.

இப்ப நான் திங்கக்கிழமை தோறும் ஒரு லிஸ்ட் எடுக்கறேன், அடுத்த ஏழு நாள்ல மீடியா மேனேஜர்ல தேதி முடியுற டேப் எல்லாம், பக்கத்துல ஆர்மேன்ல அந்த டேப்ல இருக்குற பீஸோட நெலமை. ஒரு பக்கம் முடியப் போகுது, இன்னொரு பக்கம் அப்சலீட் ஆகலன்னா அந்த வரி சிவப்பு. அதோட லிஸ்ட்ல இருந்து ஏதாவது ஒரு டேப்பை எடுத்து ரீஸ்டோர் வேலிடேட் (எதையும் எழுதாம படிச்சு மட்டும் பார்க்கிறது) ஓட்டிடறேன், பழைய டேப் படிக்குதான்னும் தெரிஞ்சுடும். இந்த வாரம் 14 டேப், அதுல ஒரு வரி சிவப்பு. போன வருஷக் கடைசி பேக்கப்ல ஒரு பீஸ், ஏழு வருஷம் இருக்க வேண்டியது, எப்படியோ மாச பூல்ல போயி உக்காந்திருக்கு, வியாழக்கிழமையோட முடியுது. தேதியை இப்பவே மாத்தி விட்டுட்டேன், ஆனா அந்த டேப் மாச பூல்லயே இருக்கக் கூடாது, டிரைவ் ரெண்டு காலியா இருக்குற நேரம் பார்த்து வருஷ பூலுக்கு நகல் எடுக்கணும். மத்தியானம் ஒரு மணிக்கு மேல காலின்னு ஷெட்யூல் சொல்லுது, அப்ப எறங்கிப் போகணும்.